கடல் கடந்த கால்பந்து ஆசான்

நுழையும் முன்

ஒரு விளையாட்டை உலகிற்கு அளித்த நாடு, அதைக் கற்பிக்க வந்த தன் மகனை ஏற்க மறுத்தது. பிற நாடுகளோ அவரை அழைத்து வைத்துக் கற்றுக்கொண்டன. ஆட்டக்காரராக இருந்து பயிற்சியாளராகவும் மேலாளராகவும் உயர்ந்த ஜிம்மி ஹோகன் என்னும் ஆங்கிலேயரின் வாழ்க்கையை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு கேள்வி

இங்கிலாந்தின் வடமேற்கில் லங்காஷயர் என்னும் பகுதி உள்ளது. பருத்தி ஆலைகளுக்குப் பெயர்பெற்ற அப்பகுதியில் நெல்சன் என்னும் ஊரில், 1882ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் ஜிம்மி ஹோகன் பிறந்தார். சமயப் பற்று மிக்க கத்தோலிக்கக் குடும்பம் அவருடையது. மகன் பாதிரியார் ஆக வேண்டும் என்பது பெற்றோரின் விருப்பமாக இருந்தது. ஹோகனின் மனமோ கால்பந்தின் பின்னே ஓடியது.

இளமையில் அவர் பர்ன்லி கழகத்தில் ஆடினார். ஒருநாள் ஆட்டத்தில் அவர் உதைத்த பந்து கம்பத்துக்கு மேலே உயர்ந்து பறந்தது. தம் கால் தவறான நிலையில் இருந்ததா, உடல் சமநிலை இழந்ததா, பிழை எங்கே நேர்ந்தது என்று அவர் மேலாளரிடம் கேட்டார். உதைத்துக்கொண்டே இருக்குமாறும், பத்தில் ஒன்று உள்ளே சென்றாலே போதும் என்றும் மேலாளர் விடை கூறினார்.

அந்த விடை ஹோகனுக்கு நிறைவளிக்கவில்லை. பத்தில் ஒன்று உள்ளே செல்வதற்கு ஒரு காரணம் இருக்குமானால், மற்ற ஒன்பதும் வெளியே செல்வதற்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும் அன்றோ? அக்காரணத்தைக் கண்டறிந்தால் அதைத் திருத்தலாம்; திருத்தக் கூடியதைப் பிறருக்குக் கற்பிக்கவும் இயலும். பிற்காலத்தில் ஐரோப்பாவின் பல நாடுகளுக்கு அவர் எடுத்துச் சென்ற கல்வி முழுவதும் இந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்ததே ஆகும்.

இருவகை ஆட்டம்

ஹோகனின் பணியை அறிந்துகொள்ள, அக்காலத்துக் கால்பந்தாட்டத்தைப் பற்றிச் சிறிது அறிய வேண்டும்.

கால்பந்தின் விதிகள் 1863ஆம் ஆண்டு இலண்டனில் வகுக்கப்பட்டன. தொடக்கக் காலத்தில் ஆங்கிலேயர், பந்தைப் பெற்ற ஒருவர் அதைத் தம் காலோடு வைத்துக்கொண்டு எதிரணியினரை ஊடுருவி ஓடுவதையே ஆட்டமாகக் கருதினர். 1872ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் முதல் பன்னாட்டுப் போட்டியில் மோதின. ஸ்காட்லாந்து ஆட்டக்காரர்கள் உடல் எடையில் குறைந்தவர்கள். வலிமையால் மோதினால் தோற்போம் என்று உணர்ந்த அவர்கள், பந்தை ஒருவருக்கொருவர் தள்ளிக் கொடுத்து முன்னேறினர். ஆட்டம் கோல் எதுவும் இன்றிச் சமனில் முடிந்தது. உடல் வலிமைக்குக் கூட்டு முயற்சி ஈடு கொடுக்கும் என்பது அன்று புலனாயிற்று.

1905ஆம் ஆண்டு இலண்டனில் உள்ள ஃபுல்ஹாம் கழகத்தில் ஹோகன் சேர்ந்தார். அங்கே ஸ்காட்லாந்து ஆட்டக்காரர்கள் பலர் இருந்தனர். பந்தைத் தரையோடு தரையாக வைத்திருத்தல், குறுகிய தொலைவில் துணை ஆட்டக்காரருக்குத் துல்லியமாகக் கொடுத்தல், கொடுத்தவுடன் வெற்றிடத்தை நோக்கி நகர்தல் ஆகியவற்றை ஹோகன் அவர்களிடம் கற்றார். 1908ஆம் ஆண்டு அக்கழகம் எஃப்.ஏ. கோப்பையின் அரையிறுதி வரை முன்னேறியது. பின்னர் ஹோகன் போல்டன் கழகத்திற்கு மாறினார்.

அக்காலத்து ஆங்கிலக் கழகங்களில் பயிற்சி என்றால் பெரும்பாலும் ஓட்டமே. வாரநாள்களில் பந்தைத் தராமல் இருந்தால்தான் சனிக்கிழமை ஆட்டத்தில் அதன்மீது பசி இருக்கும் என்று பலர் நம்பினர். ஹோகன் இதற்கு நேர்மாறாக எண்ணினார். பந்தோடு பழகாதவர் பந்தை ஆள முடியாது என்பது அவருடைய உறுதியான கருத்து.

டச்சு மாணவர்களின் ஆசான்

போல்டன் அணி ஒருமுறை நெதர்லாந்துக்குச் சுற்றுப்பயணம் சென்றது. டோர்ட்ரெக்ட் என்னும் ஊரின் அணியைப் போல்டன் மிக எளிதாக வென்றது. வென்ற அணியில் இருந்த மற்றவர்கள் மகிழ்ந்து ஊர் திரும்பினர். ஹோகனோ தோற்றவர்களைப் பற்றி எண்ணினார். ஆர்வம் மிக்க அந்த இளைஞர்களுக்கு முறையாக ஆடக் கற்பிக்க ஒருநாள் திரும்பி வருவேன் என்று உறுதி பூண்டார்.

1910ஆம் ஆண்டு அந்த வாய்ப்பு அமைந்தது. டோர்ட்ரெக்ட் கழகம் ஆங்கிலப் பயிற்சியாளர் ஒருவரைத் தேடுவதாக ஒரு நடுவர் வழியாக ஹோகன் அறிந்தார். முப்பது வயதைக்கூட எட்டாத அவர் அப்பணியை ஏற்றார். அவரிடம் பயின்றவர்களுள் பலர் கல்லூரி மாணவர்கள். ஹோகன் கரும்பலகையைக் கொண்டு வந்து, சுண்ணக்கட்டியால் ஆட்டக்களத்தை வரைந்து, யார் எங்கே நிற்க வேண்டும், ஏன் நிற்க வேண்டும் என்று விளக்கினார். ஆட்டக்களம் ஒரு வகுப்பறையாக மாறியது.

வியன்னாவில் ஒரு நட்பு

ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் ஹூகோ மைஸ்ல் என்பவர் அந்நாட்டுக் கால்பந்தை வளர்க்க முயன்றுகொண்டிருந்தார். 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் நடைபெறவிருந்த ஒலிம்பிக் போட்டிக்குத் தம் நாட்டு அணியை ஆயத்தப்படுத்த அவர் ஹோகனை அழைத்தார். ஆறு வாரங்களுக்கே ஒப்பந்தம். ஆட்டக்காரர்கள் பகலில் வேறு வேலைக்குச் செல்பவர்கள் ஆதலால், பயிற்சி விடியற்காலையிலேயே தொடங்கியது.

முதலில் ஹோகனின் முறை ஆட்டக்காரர்களுக்கு விளங்கவில்லை. புகழ்பெற்ற ஆங்கிலேயர் அரிய வித்தைகளைக் கற்றுத் தருவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, அவர் மிக எளிய அடிப்படைகளையே திரும்பத் திரும்பப் பயிற்றுவித்தார். காற்றில் வரும் பந்தைக் காலால் தணித்து நிறுத்துதல், நிறுத்திய பந்தை அடுத்த நொடியிலேயே தமக்கு வசதியான பக்கம் திருப்புதல், தலை நிமிர்ந்து துணைவர் நிற்கும் இடத்தைக் காணுதல் ஆகியவையே அப்பாடங்கள். ஹோகனும் மைஸ்லும் இரவு நெடுநேரம் அமர்ந்து ஆட்ட நுட்பங்களைப் பற்றி உரையாடினர். அந்த ஒலிம்பிக்கில் ஆஸ்திரியா ஜெர்மனியை 5–1 என்ற கணக்கில் வென்றது.

போர் தந்த இடமாற்றம்

1914ஆம் ஆண்டு முதலாம் உலகப் போர் மூண்டபோது ஹோகன் மனைவி மக்களுடன் வியன்னாவில் இருந்தார். ஆஸ்திரியாவும் பிரிட்டனும் பகை நாடுகள் ஆயின. நேற்று வரை ஆசானாக மதிக்கப்பட்டவர் இன்று பகைநாட்டவர் என்று கைது செய்யப்பட்டார். அவருடைய மனைவியும் குழந்தைகளும் பின்னர் இங்கிலாந்து திரும்பினர். ஹோகன் மட்டும் அங்கேயே இருக்க நேர்ந்தது. பிழைப்புக்காக, வியன்னாவில் வாழ்ந்த பிரிட்டானிய வணிகக் குடும்பம் ஒன்றின் பிள்ளைகளுக்கு அவர் டென்னிஸ் கற்றுக்கொடுத்தார்.

இந்நிலையில் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் இருந்து எம்.டி.கே. என்னும் கழகம் அவரைத் தன் பயிற்சியாளராக வரவழைத்துக்கொண்டது. காவல் நிலையத்தில் தவறாமல் தம் இருப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. அக்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டே அவர் பணியாற்றினார்.

மூத்த ஆட்டக்காரர் பலர் போர்முனைக்குச் சென்றுவிட்டதால், ஹோகன் சிறுவர்களைத் தேடினார். பூங்கா ஒன்றில் பந்தாடிக்கொண்டிருந்த ஜியார்ஜி ஓர்த், ப்ரௌன் என்னும் இரு மாணவர்களைக் கண்டு, அவர்களுக்குப் பள்ளி முடிந்தபின் நாள்தோறும் பயிற்சி அளித்தார். இருவரும் பின்னாளில் ஹங்கேரியின் பெரும்புகழ் பெற்ற ஆட்டக்காரர்கள் ஆயினர். 1917 முதல் 1925 வரை ஹங்கேரிய லீக் பட்டத்தை எம்.டி.கே. ஆண்டுதோறும் வென்றது. போர் முடிந்ததும் ஹோகன் தாயகம் திரும்பிவிட்டார். ஆயினும் அவர் ஊன்றிய முறை அங்கே நிலைத்து நின்றது.

காக்கிக் காலுறைகள்

நாடு திரும்பிய ஹோகனிடம் பணம் இல்லை. புகையிலை நிறுவனம் ஒன்றில் வேலை செய்து குடும்பத்தைக் காத்தார். போரினால் வருவாய் இழந்த ஆட்டக்காரர்களுக்கு இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் உதவித்தொகை அளிப்பதாகக் கேள்வியுற்றார். பயணச் செலவுக்குக் கடன் வாங்கிக்கொண்டு இலண்டனுக்குச் சென்றார். சங்கத்தின் செயலர் அவரிடம் பணம் எதுவும் தரவில்லை. மூன்று இணைக் காக்கிக் காலுறைகளை எடுத்துக் கொடுத்து, போர்முனையில் இருந்த வீரர்கள் இவற்றை மகிழ்ச்சியோடு ஏற்றனர் என்றாராம்.

அச்சொல்லின் பொருள் வெளிப்படையானது. நாட்டு மக்கள் போரில் மடிந்துகொண்டிருந்தபோது பகைநாட்டில் பந்தாட்டம் கற்பித்தவர் என்று அவர் இகழப்பட்டார். ஆனால் அவர் அங்கே விரும்பித் தங்கியவர் அல்லர். நாடு திரும்ப வழியின்றித் தங்க நேர்ந்தவர். இந்த அவமதிப்பை ஹோகன் தம் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. மீண்டும் கண்டத்து ஐரோப்பாவை நோக்கியே அவருடைய கால்கள் நடந்தன. சுவிட்சர்லாந்தில் பணியாற்றினார்; மறுபடியும் புடாபெஸ்டுக்குச் சென்றார்; அதன்பின் ஜெர்மனியை அடைந்தார்.

மொழி தடுமாறியபோது

ஜெர்மனியில் ஹோகன் பல ஊர்களுக்குச் சென்று கால்பந்து பற்றி விரிவுரை ஆற்றினார். அவருடைய ஜெர்மன் மொழி அறிவு குறைவு. டிரெஸ்டன் நகரில் நிகழ்ந்ததாக ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. கால்பந்து உடலை மட்டும் சார்ந்ததன்று, உள்ளத்தையும் சார்ந்தது என்று அவர் கூற முற்பட்டார். உள்ளம் என்பதற்குரிய ஜெர்மன் சொல்லுக்குப் பதிலாகக் குழு என்று பொருள்படும் வேறொரு சொல் அவர் வாயில் வந்துவிட்டது. அரங்கம் முழுவதும் சிரிப்பொலி எழுந்தது.

ஹோகன் உரையை நிறுத்தி, சிறிது நேரம் இடைவேளை கேட்டு உள்ளே சென்றார். திரும்பி வந்தபோது போல்டன் கழகத்தின் ஆட்ட உடையில் இருந்தார். எல்லார் முன்னிலையிலும் காலணிகளையும் காலுறைகளையும் கழற்றினார். 15 கஜத் தொலைவில் இருந்த மரப்பலகையை நோக்கி வெறுங்காலால் பந்தை உதைத்தார். பந்து குறி தவறாமல் பாய்ந்தது, பலகை பிளந்தது. சிரித்தவர்கள் வியந்தனர். சொல் தடுமாறிய இடத்தில் செயல் பேசியது.

அந்நிகழ்ச்சியில் வேடிக்கை மட்டும் இல்லை. ஹோகன் கற்பித்த முறை முழுவதும் அதில் அடங்கியுள்ளது. எதைப் பிறர் செய்ய வேண்டும் என்று விரும்பினாரோ, அதை முதலில் தாமே செய்து காட்டுவார். டச்சு, ஜெர்மன், ஹங்கேரியன் எனப் பல மொழி பேசுவோரிடையே அவர் ஆசானாக விளங்கியதற்கு இதுவே காரணம்.

டிரெஸ்டன் கழகத்தில் அவருடைய பயிற்சியைக் கண்டு வளர்ந்தவர்களுள் ஹெல்முட் ஷோன் என்னும் இளைஞரும் ஒருவர். 1974ஆம் ஆண்டு உலகக் கோப்பையை வென்ற மேற்கு ஜெர்மனி அணியின் பயிற்சியாளர் அவரே.

உள்ளூர் மாடு

"உள்ளூர் மாடு விலை போகாது" என்பது தமிழ்ப் பழமொழி. ஹோகனின் வாழ்வில் அது முழு உண்மை ஆயிற்று.

1930களின் தொடக்கத்தில் அவர் மீண்டும் மைஸ்லுடன் இணைந்தார். 1932ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் ஆஸ்திரியா இலண்டனில் இங்கிலாந்தை எதிர்த்து ஆடியது. இங்கிலாந்து 4–3 என்ற கணக்கில் அரிதின் முயன்றே வென்றது. ஆஸ்திரிய அணியின் நுட்பமான ஆட்டத்தைக் கண்டவர்கள் வியந்தனர். அதன்பின் 1934ஆம் ஆண்டு, தாம் முன்பு ஆடிய ஃபுல்ஹாம் கழகத்திற்கே ஹோகன் மேலாளராக அழைக்கப்பட்டார்.

ஆனால் அங்கே ஆட்டக்காரர்களுள் பலர், தேர்ந்தவர்களாகிய தங்களுக்குக் கற்பிக்க என்ன இருக்கிறது என்று எண்ணினர். கரும்பலகைப் பாடம் அவர்களுக்குக் கசந்தது. ஓராண்டு நிறைவதற்குள், ஹோகன் அறுவைச் சிகிச்சை பெற்று மருத்துவமனையில் இருந்த வேளையில், பணியிலிருந்து நீக்கப்பட்டார்.

மீண்டும் ஆஸ்திரியா அவரை வரவேற்றது. 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் அவர் பயிற்றுவித்த ஆஸ்திரிய அணி இறுதி ஆட்டம் வரை முன்னேறி, இத்தாலியிடம் 2–1 என்ற கணக்கில் தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றது.

இங்கிலாந்தில் அவருக்கு வெற்றியே இல்லை என்று கூறுவது பொருந்தாது. 1936ஆம் ஆண்டு ஆஸ்டன் வில்லா கழகம் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் ஹோகன் அதன் மேலாளர் ஆனார். 1938ஆம் ஆண்டு அக்கழகம் இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்று முதற்பிரிவுக்கு மீண்டது, எஃப்.ஏ. கோப்பையிலும் அரையிறுதியை எட்டியது. கற்க விரும்பியவர்கள் கிடைத்த இடத்தில் அவருடைய முறை தாய்நாட்டிலும் பலன் தந்தது. 1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்டதும் அப்பணி இடையில் நின்றது.

1953 நவம்பர் 25

அன்று இலண்டன் வெம்பிளி அரங்கில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் திரண்டிருந்தனர். ஒலிம்பிக் வாகையரான ஹங்கேரி அணி இங்கிலாந்தை எதிர்கொண்டது. அதுவரை ஐரோப்பியக் கண்டத்து அணி எதுவும் இங்கிலாந்து மண்ணில் இங்கிலாந்தை வென்றதில்லை.

ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே ஹிடெக்குட்டி என்னும் ஹங்கேரியர் முதல் கோலை அடித்தார். அவருடைய சட்டையில் இருந்த எண் 9. அவ்வெண்ணை அணிபவர் எதிரணிக் கோலுக்கு அருகில் முன்னணியில் நிற்பதே வழக்கம். ஹிடெக்குட்டியோ பின்னே நடுக்களத்தில் நின்றார். அவரைக் காக்க வேண்டிய ஆங்கிலத் தடுப்பாளர், தம் இடத்தை விட்டு அவர் பின்னே செல்வதா, இருந்த இடத்திலேயே நிற்பதா என்று குழம்பினார். சென்றால் பின்னே வெற்றிடம் உண்டாகும். நின்றால் ஹிடெக்குட்டி தடையின்றி ஆடுவார். அவ்வெற்றிடங்களில் மற்றவர்கள் புகுந்தனர். பந்து தரையை விட்டு எழாமல் காலுக்குக் கால் மாறியது. ஹிடெக்குட்டி 3 கோல்களும், அணித்தலைவர் புஸ்காஸ் 2 கோல்களும், போஸிக் 1 கோலும் அடித்தனர். ஹங்கேரி 6–3 என்ற கணக்கில் வென்றது.

பார்வையாளர் கூட்டத்தில் 71 வயதான ஹோகனும் அமர்ந்திருந்தார். ஆஸ்டன் வில்லாவின் இளம் ஆட்டக்காரர்களை அழைத்துக்கொண்டு, நல்ல ஆட்டம் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக அவர் வந்திருந்தார்.

ஆட்டம் முடிந்தபின் ஹங்கேரியக் கால்பந்துச் சங்கத் தலைவர் ஷாண்டோர் பார்ச், தாங்கள் கால்பந்தில் அறிந்த அனைத்தும் ஹோகன் கற்பித்தவையே என்று கூறினார். பயிற்சியாளர் ஷெபெஷ், தங்கள் நாட்டுக் கால்பந்து வரலாறு எழுதப்படும்போது ஹோகனின் பெயர் பொன்னெழுத்துகளில் பொறிக்கப்பட வேண்டும் என்றார். ஷெபெஷும் ஹிடெக்குட்டியும் ஹோகன் வளர்த்த எம்.டி.கே. கழகத்தில் ஆடியவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

ஹங்கேரியின் வெற்றிக்கு ஹோகன் ஒருவரே காரணர் அல்லர். ஹங்கேரியப் பயிற்சியாளர்கள் பலர் தாம் கற்றதோடு நில்லாமல் புதியன கண்டு சேர்த்தனர். ஹிடெக்குட்டியைப் பின்னே நிறுத்திய உத்தி அத்தகையது. ஆசான் நட்ட விதையை மாணவர்கள் மரமாக வளர்த்தனர் என்பதே சரியான கூற்று. ஆறு மாதம் கழித்து, 1954 மே மாதம் புடாபெஸ்டில் நடந்த ஆட்டத்தில் ஹங்கேரி இங்கிலாந்தை 7–1 என்ற கணக்கில் வென்றது. முதல் தோல்வி தற்செயலாக நிகழ்ந்தது என்று எண்ணியவர்களுக்கு அது விடையாக அமைந்தது.

கற்க மறுத்தலும் கற்றலும்

இங்கிலாந்தில் திறமையாளர்கள் இல்லாமல் இல்லை. வெம்பிளியில் தோற்ற அணியிலும் பெயர்பெற்ற ஆட்டக்காரர்கள் இருந்தனர். இது நாங்கள் கண்ட ஆட்டம், எங்களுக்கு யார் கற்பிப்பது என்ற எண்ணமே அந்நாட்டைத் தேங்கச் செய்தது. ஹங்கேரியரும் ஆஸ்திரியரும் தமக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டனர். அதனால் வேற்று மொழியினர் ஒருவரிடம், போர்க்காலத்தில் பகைநாட்டவர் ஒருவரிடமும் கற்றனர்.

ஹோகன் 1974ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், தம் 91ஆம் வயதில் லங்காஷயர் மண்ணிலேயே காலமானார். பத்தில் ஒன்று உள்ளே போனால் போதும் என்று ஒருவர் சொன்னபோது, மற்ற ஒன்பது ஏன் போகவில்லை என்று அவர் கேட்டார். அவர் மறைந்த ஆறாம் மாதத்தில் ஹெல்முட் ஷோனின் அணி உலகக் கோப்பையைக் கையில் ஏந்தியது.

பயிற்சி

1. பர்ன்லி மேலாளரின் விடை ஹோகனுக்கு ஏன் நிறைவளிக்கவில்லை? உம் சொந்த நடையில் எழுதுக.

2. 1872ஆம் ஆண்டு ஆட்டத்தில் ஸ்காட்லாந்து அணி பந்தைப் பகிர்ந்து ஆடியதற்குரிய காரணம் யாது?

3. காக்கிக் காலுறைகள் அளிக்கப்பட்டது உதவியா, அவமதிப்பா? காரணம் காட்டுக.

4. ஹிடெக்குட்டி நின்ற இடம் ஆங்கிலத் தடுப்பாளரை எவ்வாறு குழப்பியது? படம் வரைந்து விளக்குக.

5. "உள்ளூர் மாடு விலை போகாது" என்னும் பழமொழியை ஹோகனின் வாழ்வோடு பொருத்தி ஐந்து தொடர்களில் எழுதுக.

6. உமக்கு நன்கு தெரிந்த ஒரு செயலை, உம் மொழி அறியாத நண்பர் ஒருவருக்கு எவ்வாறு கற்றுத் தருவீர்? வகுப்பில் செய்து காட்டுக.